ஆன்லைன் வருமானம் சம்பளத்தைத் தாண்டிவிட்டது, வேலையை விடலாமா?

பீளமேடு_டிசைனர் (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 32. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். பேசிக் 25,000, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு 46,000 வருகிறது. இங்கே சேர்ந்து ஐந்து வருடம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் பாடங்களைத் தமிழில் யூடியூபில் போட்டு வந்தேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் டிப்ளமோ, ஐடிஐ முடித்த பசங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் புரியாததைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்டு வேலைக்குப் போனேன் என்று அவர்கள் எழுதும்போது வருகிற சந்தோஷம் ஆபீஸில் எனக்குக் கிடைப்பதில்லை. அப்புறம் கட்டண கோர்ஸ் ஒன்று ஆரம்பித்தேன். பாடங்கள் ரெக்கார்டிங்கில், சந்தேகங்களுக்கு ஞாயிறு காலை நேரலை வகுப்பு. போன வருடக் கணக்கைப் பார்த்தால் சராசரியாக மாதம் 60,000 வருகிறது. விளம்பரத்தில் 14,000 போல, மீதி கோர்ஸில். கல்லூரி முடியும் மாதங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டும், மோசமான மாதம் 23,000. எடிட் செய்யும் தம்பிக்கு 7,000 கொடுக்கிறேன்.

வீட்டில் மனைவி, மூன்று வயது மகள், அப்பா, அம்மா. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிபியும் உண்டு. எல்லோரும் கம்பெனி மெடிக்ளெய்மில்தான் இருக்கிறோம். வீட்டுக் கடன் இஎம்ஐ 16,500. இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவதைப் பார்த்து மனைவி வேலையை விட்டுவிடச் சொல்கிறார், அப்பா கூடவே கூடாது என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு வந்தால் போதும் என்று நீங்கள் முடிவு செய்வீர்கள்?

ஈரோடு_ராஜி

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன், அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆன்லைன் வருமானம் சம்பளத்தை இன்னும் தாண்டவில்லை சார். 46,000 என்பது கைக்கு வருவது மட்டும்தான். பிஎஃப்-க்கு உங்கள் பங்கு பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 3,000. கம்பெனியும் அதே அளவு போட்டால் இன்னொரு 3,000. கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் முடித்து விலகும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணம், மாதத்துக்கு 1,200 போலச் சேர்கிறது. மெடிக்ளெய்மை வெளியே வாங்கினால் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மாதம் 5,000-ஆவது எடுத்து வைக்க வேண்டும். ஆக நீங்கள் விடப்போவது 58,000 சம்பளத்தை. அந்தப் பக்கம் 60,000-இல் எடிட்டருக்கு 7,000 போய்விடும், கோர்ஸ் பணத்தை ஆன்லைனில் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கம்பெனி 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுப்பார்கள், நெட், மைக், சாஃப்ட்வேர் எல்லாம் கழித்தால் 50,000 நின்றால் பெரிது.

எட்டு மாதம் பொறுங்கள் என்பேன். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி 25,000 × 15/26 × 5, கிட்டத்தட்ட 72,000 ரூபாய். விட்ட பிறகும் பிஎஃப் பணத்தில் கை வைக்காதீர்கள். மொத்த சேவை ஐந்து வருடத்துக்குள் இருக்கும்போது எடுத்தால் வரியும் கட்ட வேண்டும்.

இன்சூரன்ஸைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். புது பாலிசி எடுத்தால் அப்பாவின் சர்க்கரை மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். இப்போது கம்பெனிக்குப் பாலிசி கொடுத்திருக்கும் அதே நிறுவனத்திடம் குரூப் பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள், இதுவரை இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்ளெய்ம் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை ரிபேட் (வரித் தள்ளுபடி) இருக்கிறது, உங்கள் வருமானம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் யாராவது மொத்த வரவில் 6 சதவீதம் மட்டும் லாபம் காட்டினால் போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். எப்படியும் வரி வராத இடத்தில் வருமானத்தைக் குறைத்துக் காட்டி என்ன மிச்சம்? நாளைக்கு பேங்கில் கடன் கேட்டால் சம்பள ஸ்லிப் இருக்காது, இரண்டு மூன்று வருட ஐடிஆர்தான் (வருமான வரிக் கணக்கு) பேசும். அதில் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் லாபம் என்று இருந்தால் எந்த மேனேஜரும் பக்கத்தைப் புரட்டக்கூட மாட்டார்.

மதுரை_தேன்மொழி

நான் சில வருடங்களுக்கு முன்பு வேலையை விட்டவள். கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன். சராசரியை வைத்து முடிவெடுக்காதீர்கள் நண்பா, அது யாருக்கும் சோறு போடாது. மோசமான மாதத்தைப் பாருங்கள். 23,000-இல் இஎம்ஐ போனால் 6,500, அதில் எடிட்டருக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு? அந்த மாதிரி மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் தாங்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும் என்பார்கள், உங்களை நம்பி நான்கு பேர் இருப்பதால் நான் ஒரு வருடச் செலவு என்பேன்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, ஆன்லைன் பணத்தில் மட்டும் வீட்டை நடத்துங்கள். இஎம்ஐ, மளிகை, அப்பா மருந்து, மகள் ஸ்கூல் அட்மிஷன், ராஜி சொன்ன பிரீமியம், எல்லாம் அதிலிருந்துதான். ஆறு மாதம் ஓடினால் தனிக் கணக்கில் 2,76,000 சேர்ந்திருக்கும், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு போதும் என்பதும் தெரிந்துவிடும். நடுவில் அந்தக் கணக்கில் கை வைக்க வேண்டி வந்தால் அதுவும் ஒரு பதில்தான். உங்கள் அப்பாவுக்கும் இதைக் காட்டலாம், வாயால் சொல்வதைவிடப் பாஸ்புக் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. 2018-இல் யூடியூப் விதியை மாற்றி 1,000 சப்ஸ்கிரைபர், ஒரு வருடத்தில் மக்கள் பார்த்த நேரம் 4,000 மணி இருந்தால்தான் விளம்பரப் பணம் என்றது, அதுவரை வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ சின்னச் சேனல்களுக்கு வரவு நின்றது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் ஒரே இரவில் போனது. 2023 செப்டம்பரில் கூகுள் தேடலை மாற்றியபோது பல சிறிய தளங்களுக்கு ஆள் வரத்து சரிந்தது. உங்களுக்கு விளம்பரம் 14,000 தான், அது நல்லது. ஆனால் கோர்ஸில் சேருகிறவர்களும் யூடியூப் பார்த்துத்தானே வருகிறார்கள்? பழைய மாணவர்களின் மெயில், வாட்ஸாப் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? சேனல் நாளைக்கு முடங்கினாலும் அவர்களிடம் நேராகப் பேச முடிய வேண்டும்.

அம்பத்தூர்_டூல்ரூம்

தம்பி, எல்லோரும் பணத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் முப்பது வருடமாக டூல்ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில் இருக்கிறவன், வேறு ஒன்று கேட்கிறேன். பசங்கள் ஏன் உங்கள் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள்? மெனுவில் எதை அழுத்தினால் என்ன வரும் என்பதைச் சொல்ல ஆயிரம் வீடியோ சும்மா கிடக்கிறது. இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) காஸ்டிங்கில் டிராஃப்ட் என்ற லேசான சாய்வு ஏன் விட வேண்டும், பிறகு கடைந்து எடுக்க விடும் மெஷினிங் அலவன்ஸ் எவ்வளவு வைத்தால் ஃபவுண்டரிக்காரர் திட்ட மாட்டார், டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் வித்தியாசத்தை) இறுக்கினால் விலை எங்கே போகும், இதெல்லாம் வேலையில் இருக்கிற ஆளுக்குத்தான் வரும். நீங்கள் தினமும் ஷாப்புக்குப் போவதால்தான் பாடத்தில் உயிர் இருக்கிறது. வேலையை விட்டால் இரண்டு வருடத்துக்குச் சொல்ல விஷயம் இருக்கும், அதற்குப் பிறகு? பதில் இல்லை என்று சொல்லவில்லை. சின்ன யூனிட்டுகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கலாம், கோவையில் அதற்குப் பஞ்சமே இல்லை, கை பழக்கமும் விடாது. ஆனால் யோசித்து வைத்துக்கொண்டு விடுங்கள்.

அடுத்து நேரம். ஒரு நாளைக்கு ஒன்பது பத்து மணி நேரம் கூடுதலாகக் கையில் வரும். அந்த நேரம் வருமானமாக மாறுமா? நேரம் இல்லாததால் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் வேலையை விடுவதில் அர்த்தம் இருக்கிறது. வருகிற ஆட்களே அவ்வளவுதான் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அதே அறுபதாயிரம்தான் வரும், நிம்மதியும் போகும்.

சாஃப்ட்வேர் லைசென்ஸையும் சொல்லுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஆபீஸ் லைசென்ஸை வைத்து வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். சாலிட்வொர்க்ஸில் மலிவாகக் கிடைக்கும் மேக்கர்ஸ் பதிப்பை இந்த அளவு சம்பாதிக்கிற வேலைக்குப் பயன்படுத்த அனுமதி கிடையாது, முழு லைசென்ஸ் லட்சக் கணக்கில் போகும். அதை ராஜி போட்ட கணக்கில் சேர்த்துப் பாருங்கள். கம்பெனி டிராயிங் ஒன்றுகூட வீடியோவில் இருக்கக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 2022-இல் விப்ரோ 300 பேரை இதற்காகத்தான் வெளியே அனுப்பியது.

பீளமேடு_டிசைனர்

மூவருக்கும் மிக்க நன்றி. அண்ணாச்சி, லைசென்ஸ் எனக்குச் சொந்தமாக இருக்கிறது, கோர்ஸ் ஆரம்பித்தபோதே வாங்கிவிட்டேன், அதன் வருடச் சந்தாவைத்தான் மாதச் செலவில் சேர்க்காமல் இருந்தேன். பாடத்துக்கான மாடல்கள் எல்லாம் நானே புதிதாகப் போட்டவை. சேனல் நடத்துவது எம்.டி.க்குத் தெரியும், எழுத்தில் எதுவும் இல்லை, அதைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

நேரம் பற்றிக் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஞாயிறு வகுப்பில் 40 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, எல்லோர் ஸ்கிரீனையும் பார்த்துத் திருத்த முடியாது. ஒவ்வொரு பேட்ச்சிலும் இடம் இல்லாமல் அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். வார நாளில் இன்னொரு வகுப்பு எடுக்க முடிந்தால் நிரம்பும் என்றுதான் நம்புகிறேன். நம்பிக்கையை வைத்து முடிவெடுக்காமல், லீவு சேர்த்து வைத்திருப்பதைப் போட்டு புதன்கிழமை மாலையில் ஒரு பேட்ச் நடத்திப் பார்க்கப் போகிறேன். சம்பளத்தைத் தனிக் கணக்கில் போடுவதற்கு மனைவி சம்மதித்துவிட்டார். எட்டு மாதம் கழித்துப் பேசலாம் என்று அப்பாவிடம் சொன்னதில் அவர் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

ராஜி மேடம், நோட்டீஸ் காலம் 60 நாள். ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் கடிதம் கொடுக்க வேண்டுமா?

ஈரோடு_ராஜி

வேண்டியதில்லை. நோட்டீஸ் காலத்தில் வேலைக்குப் போனால் அதுவும் சேவையில்தான் சேரும். ரிலீவ் ஆகும் கடைசி நாள் ஐந்து வருடத்துக்குப் பிறகு விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சில கம்பெனிகளில் கடிதம் கொடுத்த வாரமே போகச் சொல்லிவிடுவார்கள், அதனால் ஓட்டி ஓட்டிக் கணக்குப் போடாமல் முடிந்த பிறகே கொடுங்கள். வீட்டுக் கடனை வட்டி குறைவான வேறு பேங்குக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பள ஸ்லிப் கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். புதன்கிழமை பேட்ச் எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுங்கள் சார்.