ஆழமும் நீளமும் அளந்தோம், அகலத்தை விட்டோம்

காவிரி டெல்டாவில் ஒரு 12 அங்குல எரிவாயுக் குழாய், சுவர் 6.4 மி.மீ. வாய்க்கால் கரையோரம் அடிப்பக்கத்தில் துரு இருப்பதாகப் பிக் (குழாய்க்குள்ளேயே போய்ச் சுவரைச் சோதிக்கும் கருவி) ஓட்டியதில் தெரிந்தது. தோண்டி, உரிந்து கிடந்த கோட்டிங்கைச் சுரண்டி அளந்தோம். பள்ளத்தின் ஆழம் 2.6 மி.மீ., குழாய் போகும் திசையில் நீளம் 90 மி.மீ. துருப்பிடித்த குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்கும் பி31ஜி கணக்கில் போட்டால் 90 பார் அழுத்தம் வரை பத்திரம் என்று வந்தது. லைனில் ஓடுவதோ 45 பார். கோட்டிங் சுற்றி மூடிவிடலாம் என்று நானே அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது கூட இருந்த மூத்த ஃபிட்டர், "சார், லைன் தொய்ந்த மாதிரி இருக்கே" என்றார். குழாயின் முதுகில் 12 மீட்டருக்கு நூலை இழுத்துப் பிடித்தார். நடுவில், நூலுக்கும் குழாய்க்கும் இடையே நான்கு விரல் நுழைந்தது. கரை சரிந்து, மண் குழாயை அமுக்கி வளைத்திருக்கிறது. தொய்வில் அடிப்பக்கம்தான் இழுபடும். துருவும் அங்கேதான்.

பி31ஜி கணக்கு, பேட்டெல் ஆய்வகத்தில் துருப்பிடித்த குழாய்களை உள்ளழுத்தம் ஏற்றி வெடிக்கவைத்துப் பார்த்ததிலிருந்து வந்தது, 1984இல் வெளியானது. உள்ளழுத்தத்தில் சுற்றுவாட்டு இழுவை, நீளவாட்டு இழுவையைப் போல இரண்டு மடங்கு. குழாய் நீளவாக்கில் கிழியும். அதனால் நீளமும் ஆழமும் போதும், துரு குழாயைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அகலத்தை அது கேட்பதில்லை. வளைவு சேர்ந்துவிட்டால் நீளவாட்டு இழுவை ஏறிவிடும், அகலம்தான் பேசும். திரும்ப டேப் வைத்தேன்: 210 மி.மீ., சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு.

அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி, அந்தத் துண்டையே மாற்ற முடிவெடுத்தோம். வாயுவை வெளியேற்றி அறுத்தபோது, இரு முனைகளும் தாமாகவே இரண்டு விரல் கடை விலகின. அவ்வளவு இழுவையைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

---

அண்ணா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வளைகுடாவில் சூடான கச்சா எண்ணெய் போகும் லைன். மண்ணுக்குள் இறுகிக் கிடப்பதால் சூட்டில் நீள முடியாது, நீளவாக்கில் அமுக்கம் ஏறும். 40 டிகிரி வித்தியாசத்துக்கே வெப்பத்தால் மட்டும் 100 மெகாபாஸ்கல் அளவுக்கு வரும். இந்த அமுக்கம், துருப்பிடித்த இடம் வெடிக்கும் அழுத்தத்தையும் கீழே இழுத்துவிடும். அதற்கு டிஎன்வி எஃப்101 என்ற துருக் கணக்கு வழிகாட்டியில் தனிக் கணக்கே இருக்கிறது. நாங்கள் முதலில் அதைப் போடவே இல்லை. போட்டபின் இரண்டு இடங்கள் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' பட்டியலிலிருந்து 'இந்த வாரமே' பட்டியலுக்கு வந்தன. உங்கள் ஃபிட்டர் நூல் பிடித்ததைப் படித்ததும், எங்கள் ஆய்வுப் படிவத்தில் அகலத்துக்கும் தொய்வுக்கும் ஆளுக்கொரு கட்டம் சேர்த்துவிட்டேன்.