புது வைஃபை வந்தது முதல் அப்பா அறையின் பழைய ஸ்மார்ட் பிளக் இணைய மறுக்கிறது

செந்தூல்மகள்:

வணக்கம். வீட்டு வைஃபை பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

எங்களுடையது கோலாலம்பூர் செந்தூலில் பழைய இரட்டை மாடி வரிசை வீடு. இணைய வேகத்தைக் கூட்டியபோது பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு, வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் வைஃபை 6 மெஷ் பெட்டிகள் வைத்தோம். ஹாலில் ஒன்று, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, மாடி அறையில் ஒன்று. கைப்பேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் முன்பைவிட நன்றாக ஓடுகின்றன.

பிரச்சினை கீழே அப்பாவின் அறையில்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரால் வலது கையைத் தூக்க முடியாது. கட்டிலில் படுத்தபடியே ஸ்பீக்கரிடம் சொல்லிக் காற்றாடியைப் போடுவார், அணைப்பார். காற்றாடி ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருக்கிறது. ஏர்கானுக்கு அதன் ரிமோட்டைப் போலவே உத்தரவு அனுப்பும் ஒரு சின்ன இன்ஃப்ராரெட் பெட்டி. இவையும் முன்வாசல் கேமராவும் 2017, 2018 வாக்கில் லோ யாட் பிளாசாவில் வாங்கியவை.

இப்போது ஸ்பீக்கர் புது வைஃபையில் ஏறிவிட்டது. பிளக், இன்ஃப்ராரெட் பெட்டி, கேமரா மூன்றும் ஏறவில்லை. செயலியில் சேர்க்கப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வருகிறது. ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் பல்புகள் மட்டும் எப்போதும்போல் எரிகின்றன. அவற்றின் பிரிட்ஜ் பெட்டி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கிறது.

பொருத்த வந்தவர் வைஃபைக்குப் புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் வைத்தார். பழைய சாதனங்கள் இதில் ஓடாது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரவில் புழுங்கினால் அப்பா என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட மனமில்லாமல் வியர்வையிலேயே படுத்துக் கிடக்கிறார், காலையில் சட்டையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன். உண்மையிலேயே எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கெப்போங்_பையன்:

அக்கா, ஸ்மார்ட் பிளக் இப்போது 30, 40 ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. பழையதோடு மல்லுக்கட்டுவதைவிட புதியது வாங்கினால் இன்றைக்கே அப்பா நிம்மதியாகத் தூங்குவார். மேட்டர் முத்திரை (பல நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நான் என் வீட்டில் அப்படித்தான் செய்தேன்.

பட்டர்வொர்த்_டெக்னீஷியன்:

தங்கச்சி, எதையும் தூக்கிப் போட வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சாதனங்களில் எதுவும் கெடவில்லை. பொருத்த வந்தவர் இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்திருக்கலாம்.

அந்தக் காலத்து பிளக்குகளில் பெரும்பாலும் இஎஸ்பி8266 என்ற சிப்தான் இருக்கும். 2014-இல் வந்தது, மலிவானது, அதனால் உலகம் முழுக்க அதைத்தான் வைத்தார்கள். வீட்டு வைஃபை வழக்கமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும், 5 கிகாஹெர்ட்ஸுக்கான ரேடியோவே அதில் கிடையாது. இன்ஃப்ராரெட் பெட்டியும் கேமராவும் அதே வயது என்றால் அவையும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் புது மெஷ் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கும். கைப்பேசிக்கு அது வசதி. பழைய பிளக்கைச் சேர்க்கும்போதுதான் அது தடுமாறும்.

அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு முறை. வைஃபையைப் பூட்டிக் காக்கும் முறைகளில் டபிள்யூபிஏ2 பழையது, டபிள்யூபிஏ3 புதியது. புதுப் பெட்டிகள் பல டபிள்யூபிஏ3-இல் இருக்கும், அல்லது டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்து இருக்கும். டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டதே 2018-இல்தான். உங்கள் பிளக்கின் மென்பொருள் அதற்கு முன்பே எழுதப்பட்டது. டபிள்யூபிஏ3-இல் வைஃபையின் கட்டுப்பாட்டுத் தகவல்களையும் பாதுகாக்கும் ஏற்பாடு கட்டாயம். கலப்பு முறையில் அந்த ஏற்பாட்டின் அறிவிப்பைக் கண்டாலே சில பழைய சிப்கள் இணைய மறுக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் 'இணைக்க முடியவில்லை' என்று வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பல்புகள் எரிவதும் இதையேதான் சொல்கிறது. அவை வைஃபையில் இல்லை. பிரிட்ஜோடு ஜிக்பீ என்ற வேறு ரேடியோவில் பேசுகின்றன, பிரிட்ஜோ கேபிளில் இருக்கிறது. வைஃபையின் பெயர் மாறியது பல்புகளுக்குத் தெரியவே தெரியாது.

இனி செய்ய வேண்டியது. மெஷ் செயலியில் ஐஓடி (ஸ்மார்ட் சாதனங்களுக்கான) நெட்வொர்க் என்றோ விருந்தினர் நெட்வொர்க் என்றோ ஒன்று இருக்கும். அதைத் திறந்து 2.4 மட்டும் என்று வையுங்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றுங்கள், கலப்பு வேண்டாம். உங்கள் முக்கிய வைஃபை டபிள்யூபிஏ3-லேயே இருக்கட்டும், அதைத் தொட வேண்டியதில்லை.

அந்த 2.4 நெட்வொர்க்குக்கு உங்கள் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எதுவும் மாறக்கூடாது. பிளக் அந்தப் பெயரையும் சொல்லையும் இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கேட்டவுடனே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ரீசெட் அமுக்க வேண்டாம், செயலியில் மறுபடி சேர்க்கவும் வேண்டாம். ஏர்கான் ரிமோட்டுக்கு நீங்கள் செய்துவைத்த அமைப்பும் ஸ்பீக்கரில் வைத்த பெயர்களும் அப்படியே இருக்கும். ரீசெட் செய்தால் அதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய பெயர் மறந்திருந்தால் மடிக்கணினியின் சேமித்த வைஃபை பட்டியலில் பாருங்கள். நீங்கள் மாற்றாமலே வைத்திருந்தால் பழைய ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும்.

அப்படியும் வராவிட்டால் 2.4-இன் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட பிரிவை, பாருங்கள். நம் நாட்டில் 13 வரை உண்டு, அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாதனம் 11-க்கு மேல் பார்க்காது. 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். வேகமான ரோமிங் (ஒரு மெஷ் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறும் வசதி) என்றிருப்பதை அணைத்துவிடுங்கள். 2.4-இல் வைஃபை 6 முறையை அணைக்க வசதி இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள், சில பழைய சிப்களுக்கு அந்த அறிவிப்பு புரியாமல் வைஃபையே கண்ணில் படாது.

கெப்போங் தம்பி சொன்னதில் ஒன்று கவனிக்க வேண்டும். மேட்டர் முத்திரை இருக்கும் வைஃபை பிளக்குகளும் பெரும்பாலும் 2.4-தான். புதியது வாங்கினாலும் இந்த வேலையில் பாதி மிச்சமிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_கொண்டோவாசி:

அண்ணன் சொன்ன வழி சரி. அக்கா, நான் அலுவலக நெட்வொர்க் பாதுகாப்பில் வேலை செய்கிறேன், அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள், கேமராவை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

2016-இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களிலும் வீடியோ பதிவுப் பெட்டிகளிலும்தான் புகுந்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல திறக்காமல் போனதற்கு அப்படிப் பிடிபட்ட சாதனங்களின் கூட்டமும் காரணம். அடுத்த ஆண்டு டபிள்யூபிஏ2-லேயே கிராக் என்ற ஓட்டை வெளியானது. அதற்கு ரவுட்டரை மட்டும் புதுப்பித்தால் போதாது, சாதனத்தின் மென்பொருளும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2017-இல் வாங்கிய கேமராவுக்கு அப்படி ஏதாவது வந்ததா என்று அதன் செயலியில் பாருங்கள். வராவிட்டால் அதை வாசலில் வைத்திருக்க எனக்கு மனம் வராது. காற்றாடியைப் போடும் பிளக்கும் வீட்டைப் பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல.

விருந்தினர் நெட்வொர்க்கில் இன்னொன்று. அதில் இருப்பவை முக்கிய வைஃபையில் இருப்பவற்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஸ்பீக்கர் ஒரு பக்கமும் பிளக் ஒரு பக்கமும் இருந்தாலும் அப்பா சொல்வது வேலை செய்யும், ஏனென்றால் இந்த வகைப் பழைய பிளக்குகளுக்கு உத்தரவு பெரும்பாலும் இணையம் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. கேமராவை வீட்டுக்குள்ளிருந்து நேரடியாகப் பார்ப்பதுதான் தடைபடலாம்.

உத்தரவு இணையம் வழியாக வருவதால் இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் இணைப்பு துண்டித்தால் காற்றாடியும் அப்பா பேச்சைக் கேட்காது. அவருடைய இடது கைக்கு எட்டும் இடத்தில் கம்பியில்லாக் கதவு மணியின் பொத்தான் ஒன்றை ஒட்டிவிட்டு, மணிப் பெட்டியை உங்கள் அறையில் செருகி வையுங்கள். ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அது தன் சொந்த ரேடியோவில் ஓடுவது, வைஃபை இல்லாவிட்டாலும் அடிக்கும். வாங்கும்போது வைஃபை தேவைப்படாத சாதாரண வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

செந்தூல்மகள்:

அண்ணா, பழைய பெயரைப் போட்டுவிட்டு அப்பா அறைக்கு நடந்து போவதற்குள் பிளக்கின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது! கொஞ்ச நேரத்தில் இன்ஃப்ராரெட் பெட்டியும் வந்தது. அப்பா உடனே காற்றாடியைப் போடச் சொன்னார், அது சுற்றியது. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தங்கச்சிக்கும் நன்றி. கதவு மணி எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே ஜாலான் ஈப்போவில் வாங்கிவிடுகிறேன். கேமராவுக்குப் புது மென்பொருள் எதுவும் வந்ததாகச் செயலியில் இல்லை, சம்பளம் வந்ததும் மாற்றப் போகிறேன். அதுவரை அதை ஓட்ட முடியுமா? விளக்கு பச்சையாக எரிகிறது, ஆனால் படம் வரவில்லை. முன்பு என் அண்ணன் அதற்கு 192.168.0.50 என்று நிலையான ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருந்தார். புது ரவுட்டரின் எண் 192.168.68 என்று ஆரம்பிக்கிறது.

இன்னொன்று. ஹால் பல்புகள் மெஷ் வந்ததிலிருந்து கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்கின்றன. சுவிட்சைத் தொட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எரிகின்றன. பிரிட்ஜ் பெட்டி இப்போது மெஷ் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

பட்டர்வொர்த்_டெக்னீஷியன்:

அப்பா நன்றாகத் தூங்கட்டும் தங்கச்சி, அதுதான் எனக்கு வேண்டியது. கேமராவைப் பற்றி பிரிக்பீல்ட்ஸ் தங்கச்சி சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். நான் சாதனம் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறவன், அவர் அதற்கு அப்பால் பார்க்கிறார்.

கேமரா வைஃபையில் ஏறிவிட்டது, அதனால்தான் பச்சை. ஆனால் அது இன்னும் பழைய எண்ணில் உட்கார்ந்துகொண்டு, வெளியே போகப் பழைய ரவுட்டரின் எண்ணான 192.168.0.1-ஐத் தேடுகிறது. அந்த எண்ணில் இப்போது யாரும் இல்லை. மெஷ் செயலியில் லேன் ஐபி என்ற இடத்தில் ரவுட்டரின் எண்ணை 192.168.0.1 என்று மாற்றினால் கேமராவுக்கு வழி கிடைத்துவிடும். மாற்றியதும் எல்லாச் சாதனங்களும் ஒருமுறை துண்டித்து மறுபடி இணையும், பயப்பட வேண்டாம். அப்பா விழித்திருக்கும் பகல் நேரத்தில் செய்யுங்கள். புதுக் கேமரா வரும்போது அதற்குள் நிலையான எண் எழுதாதீர்கள். ரவுட்டரிலேயே அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் அடுத்த முறை இந்தச் சிக்கல் வராது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பல்புகளுக்கு முதலில் பிரிட்ஜை மெஷ் பெட்டியின் தலையிலிருந்து இறக்குங்கள். ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், நீளமான கேபிள் போட்டுக்கொள்ளலாம். ஜிக்பீயும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. இரண்டும் ஒட்டி இருந்தால் வைஃபையின் சத்தத்தில் பல்பின் பதில் பிரிட்ஜுக்குக் கேட்காது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு நொடி அதில்தான் போகிறது.

தள்ளி வைத்தும் தாமதம் இருந்தால் பல்பின் செயலியில் ஜிக்பீ சேனலை மாற்றுங்கள். ஜிக்பீயின் 11 வைஃபையின் 1 இருக்கும் இடத்திலேயே விழுந்து மோதுகிறது. வைஃபை 1-இலோ 6-இலோ இருந்தால் ஜிக்பீ 25 ஏறக்குறைய முழுக்க ஒதுங்கி நிற்கும். மாற்றும் நேரத்தில் வீட்டின் எல்லா ஸ்மார்ட் பல்புகளுக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும், சுவர் சுவிட்ச் எதுவும் அணைந்திருக்கக் கூடாது. அணைந்திருக்கும் பல்புக்குச் சேனல் மாறியது தெரியாமல் போய்விடும், அப்புறம் அதை மட்டும் தனியாகத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். சாமி அறையிலும் பின் கதவிலும் பல்பு இருந்தால் அவற்றையும் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.