மறுமொழி: ‘வேவர் பிக்கப்’புக்கு ‘விட்டெடுப்பு’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உண்மை ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஃபேன்டசி ஃபுட்பாலில், எவர் அணியிலும் இல்லாத ஆட்டக்காரரைக் கோரும் முறையான ‘வேவர்’, அவரை எடுத்துக்கொள்ளும் ‘பிக்கப்’ ஆகிய சொற்களுக்குத் தமிழ் காண வேண்டும் என்று தொடங்கிய இவ்விழையில், இதுவரை ‘தள்ளுபடி’, ‘உரிமைத் துறப்பு’, ‘பொறுக்கல்’, ‘கைப்பற்றல்’, ‘இடைச்சேர்ப்பு’ என ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. ஐந்தையும் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட ஆட்டத்துக்குள் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிட்டு, என் பரிந்துரையை முன்வைக்கிறேன்.

நாம் பேசுவது எந்த வகை ஆட்டம் என்பதில் இரண்டு மடல்களில் குழப்பம் இருந்தது. பலரும் ஆடும் வகையில், ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனைத் தொகை தரப்படும். அதற்குள் யாரை வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரே ஆட்டக்காரர் இலட்சக்கணக்கானோரின் அணிகளில் ஒரே நேரத்தில் இருக்கலாம். நாம் பேசும் டிராஃப்ட் வகையில் பணம் என்ற பேச்சே இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2017இல் தொடங்கிய டிராஃப்ட் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், சேர்ந்து ஆடும் ஒரு குழுவில் இருப்பவர்கள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, கோல்காப்பாளர் 2, தடுப்பாட்டக்காரர் 5, நடுக்கள ஆட்டக்காரர் 5, முன்கள ஆட்டக்காரர் 3 என ஆளுக்குப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை அக்குழுவில் வேறெவரும் எடுக்க இயலாது. (இந்த ‘டிராஃப்ட்’டை ‘வரைவு’ என்று எழுதியிருந்த மடலைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வரைவு என்றால் எனக்குச் சட்ட வரைவு. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கோ திருமணம். மணம் முடிக்கச் சொல்லித் தலைவனிடம் தோழி வரைவு கடாவுவது போல நம் குழுவினர் ஹாலண்ட் என்ற ஆட்டக்காரரை வரைவு கடாவ வேண்டியதில்லை. ‘முறைத்தேர்வு’ போதும்.)

எட்டுப் பேர் கொண்ட குழுவில் 120 பேர் எடுக்கப்பட்டபின், எஞ்சியவர்கள் அனைவரும் ஒரு பொதுப் பட்டியலில் கிடப்பார்கள். அதை ‘மீதப் பட்டியல்’ என்கிறேன். பருவம் 38 ஆட்டச் சுற்றுகள் நீள்கிறது. காயம், தடை, புதிய பயிற்சியாளர், இடையில் அணி மாறுதல் என்று எத்தனையோ நடக்கும். முறைத்தேர்வு நாளில் சேர்த்த பதினைந்து பேரோடு பருவம் முழுவதும் நகர்ந்து வென்றவரை நான் பார்த்ததில்லை. மீதப் பட்டியலிலிருந்து யாரை, எப்போது, யாருக்குப் பதிலாக எடுக்கிறோம் என்பதில்தான் ஆட்டத்தின் பாதி இருக்கிறது. அச்செயலுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இனி ‘வேவர்’. இச்சொல்லின் வரலாறு தெரிந்தால் ‘தள்ளுபடி’யும் ‘உரிமைத் துறப்பு’ம் ஏன் பிழை என்பது விளங்கும். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில், ஒரு கழகம் தன் ஆட்டக்காரரை விடுவித்தால், மற்றக் கழகங்கள் அவரைக் கோருவதற்கு ஒரு குறிப்பிட்ட கால இடைவெளி உண்டு. எவரும் கோராமல் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தால் மட்டுமே அவர் விருப்பம்போல் எங்கும் சேரலாம். அந்த விட்டுக்கொடுத்தலுக்குத்தான் வேவர் என்று பெயர். 1962இல் அமெரிக்கக் கால்பந்துக் கழகமான ஓக்லண்ட் ரெய்டர்ஸின் பங்குதாரரான பில் விங்கன்பாக் நியூயார்க் விடுதி ஒன்றில் நண்பர்களோடு, அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆடும் ஃபேன்டசி ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார்; மறு ஆண்டு முதல் முறைத்தேர்வு நடந்தது. அந்த மண்ணில் பிறந்த ஆட்டம் அந்த மண்ணின் சொற்களையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் வந்த இடத்தில் சொல் குப்புற விழுந்துவிட்டது. ‘இந்த வாரம் அவரை வேவரில் எடுத்தேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதையும் துறக்கவில்லை, கோரிப் பெற்றிருக்கிறார். ஆங்கிலம் அந்த முரணை வழக்கத்தால் மூடிக்கொண்டது. நாம் அகராதியைத் திறந்து ‘துறப்பு’ என்று எழுதினால், எடுத்தவரைத் துறவி ஆக்கிவிடுவோம். ‘தள்ளுபடி’யோ கடனையும் வழக்கையும்தான் நினைவூட்டும்.

எனவே இங்கே மூலச்சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்கலாம். சுற்றின் கெடுவுக்கு 24 மணி நேரத்துக்கு முன்புவரை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவர்களை விருப்ப வரிசைப்படி பதிவுசெய்து வைக்கலாம். யார் என்ன கேட்டார் என்பது பிறருக்குத் தெரியாது. நேரம் வந்ததும் எல்லாக் கோரல்களும் ஒன்றாகப் பரிசீலிக்கப்படும். புள்ளிப்பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கு முதல் முறை என்பது பரவலான வழக்கம். ஒருமுறை பெற்றவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். எஞ்சியவர்களை அதன்பின் கெடு முடியும்வரை முந்துபவர் எடுத்துக்கொள்ளலாம். இவற்றுக்குக் ‘கோரற்காலம்’, ‘கோரல் வரிசை’ ஆகியவற்றை முன்மொழிகிறேன். ‘உரிமைகோரல்’ என்று முழுதாக எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது காப்பீட்டுக்காரர்களின் சொல்லாகிவிட்டது, வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆடும் ஃபேன்டசி குழுக்கள் பலவற்றில் வரிசைக்குப் பதிலாக, பருவம் முழுமைக்கும் பெரும்பாலும் 100 டாலர் கற்பனைப் பணம் கொடுத்து, பிறர் அறியாமல் விலை குறிக்கச் செய்கிறார்கள். அதற்கு ‘மறை ஏலம்’ என்பதே போதுமானது.

மைய வினைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் ஒருவரைச் சேர்ப்பது என்று தனியாக ஒரு செயல் கிடையாது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. பதினைந்து இடமும் நிரம்பியே இருக்கின்றன. நிலைவாரி எண்ணிக்கையும் மாறாது. ஆகவே ஒரு நடுக்களத்தாரை எடுக்க வேண்டுமானால் ஒரு நடுக்களத்தாரை விட்டாக வேண்டும். விடப்பட்டவர் எங்கும் மறைந்துபோவதில்லை; அவர் மீதப் பட்டியலுக்குப் போய், அடுத்த கோரற்காலத்தில் உங்கள் எதிராளியின் கைக்கு எட்டுகிறார். 2024 ஜனவரியில் முன்னணி ஆட்டக்காரர்களான சலா ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்கும், சன் ஹியுங்-மின் ஆசியக் கோப்பைக்கும் புறப்பட்டபோது, அவர்களை வைத்திருந்தவர்கள் சில சுற்றுகளுக்கு ஒரு வெற்று இடத்தைச் சுமக்க நேர்ந்தது. அந்த இடத்தில் ஆடுகிற ஒருவரை வைத்தால் சில புள்ளிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விட்ட சலா திரும்பி வரும்போது வேறொருவரின் சலாவாக வருவார். பணம் கொடுத்து வாங்கும் வகையில் இக்கவலையே இல்லை. விற்றவரை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ‘பிக்கப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பாதியைத்தான் சொல்கிறது. தமிழில் புதிதாக ஆக்கும்போது அந்தக் குறையையும் சேர்த்துக் கடன் வாங்குவானேன்?

கோரல் வரிசையும் ஒரு செல்வம் என்பதை நான் காசில்லாமல் கற்றுக்கொள்ளவில்லை, புள்ளிகளைக் கொடுத்துத்தான் கற்றேன். 2023 ஆகஸ்டில் நடந்த எங்கள் முறைத்தேர்வில் கோல் பாமர் (Cole Palmer) என்ற ஆட்டக்காரரை எவரும் எடுக்கவில்லை. மான்செஸ்டர் சிட்டியில் அவருக்கு ஆட இடம் கிடைக்குமா என்பதே ஐயமாக இருந்தது. செப்டம்பர் 1 அன்று அவர் செல்சிக்கு மாறினார். அப்போதும் மீதப் பட்டியலில்தான் கிடந்தார். அக்டோபர் 7 அன்று பர்ன்லிக்கு எதிராகப் பெனால்டியை அவர் அடித்தபோது நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அணியில் பெனால்டி அடிக்கும் பொறுப்பு இருபத்தோரு வயதுப் புதியவரிடம் வந்துவிட்டது என்பதுதான் அன்றைய செய்தி. நான் அதைக் கோலாக மட்டும் கண்டேன். தொடர்ந்து பன்னாட்டு ஆட்டங்களுக்கான இடைவேளை. யோசிக்க இரண்டு வாரம் இருந்தது. கோரல் வரிசையில் முதலிடமும் என்னிடம்தான். என் பட்டியலின் முதல் வரியில், முந்திய சுற்றில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் அடித்த ஒரு முன்களத்தாரை எழுதினேன். இரண்டாம் வரியில் பாமரை எழுதினேன். முதலாமவர் கிடைத்தார், நான் வரிசையின் கடைசிக்குப் போனேன், எனக்கு அடுத்திருந்தவர் பாமரை எடுத்துக்கொண்டார். அக்டோபர் 21 அன்று ஆர்சனலுக்கு எதிராக இன்னொரு பெனால்டி. பருவ முடிவில் பாமர் கணக்கில் 22 கோல், பிறர் கோல் அடிக்கச் செய்த உதவி 11. அந்த 22இல் 9 பெனால்டி. நான் எடுத்தவரோ மறுபடி மாற்று ஆட்டக்காரர் இருக்கைக்கே திரும்பிவிட்டார்.

இதைச் சொல்லக் காரணம் புலம்பல் மட்டுமன்று. நல்ல எடுப்பை மோசமான எடுப்பிலிருந்து பிரித்துப் பேச நமக்குச் சொற்கள் வேண்டும். கடந்த வாரத்துப் புள்ளியைப் பார்த்து எடுப்பது ஒன்று. ஆடும் நிமிடங்கள், பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் யாரிடம், அடுத்த நான்கு ஆட்டங்களில் எதிரணி எது என்று பார்த்து எடுப்பது வேறொன்று. அறுபது நிமிடம் களத்தில் நின்றாலே 2 புள்ளி உண்டு. கோல் விடாத ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரருக்கு மேலும் 4. ஒவ்வொரு வாரமும் முழு நேரம் ஆடுகிற சாதாரணத் தடுப்பாட்டக்காரர், எப்போதாவது இறங்கி மின்னுகிற முன்களத்தாரைவிடப் பயன்படுவது இதனால்தான். முதல்வகையைப் ‘புள்ளிபார்த்து எடுத்தல்’ என்றும், மற்றதை ‘இடம்பார்த்து எடுத்தல்’ என்றும் எங்கள் குழுவில் சொல்லிக்கொள்கிறோம். இவற்றைக் கலைச்சொற்களாக நான் முன்மொழியவில்லை. வழக்கில் இருப்பதைப் பதிவுசெய்கிறேன்.

மற்ற மூன்று பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘பொறுக்கல்’ பொருளளவில் மிகவும் பொருத்தம்; ஆனால் பொறுக்குபவர் என்று ஒருவரை எழுதிய மறுகணம் சண்டை வரும். ‘கைப்பற்றல்’ கோட்டைக்கும் கடத்தல் பொருளுக்கும் உரியது. ‘இடைச்சேர்ப்பு’ எனக்குப் பிடித்திருந்தது. பருவத்தின் இடையில் சேர்ப்பது என்று நேராகப் பொருள் தருகிறது. எனினும் பழம்பாட்டில் பிற்காலத்தார் நுழைத்த ‘இடைச்செருகல்’ காதில் ஒலிக்கிறது. அதைவிட, விடுதல் என்ற பாதி இதிலும் விடுபட்டுப்போகிறது.

நான் முன்வைப்பது ‘விட்டெடுப்பு’. விட்டு, எடுப்பு இரண்டும் புணரும்போது உகரம் கெட்டு இயல்பாக வந்து விழுகிறது. ‘கண்டெடுப்பு’, ‘மீட்டெடுப்பு’ என நாம் ஏற்கெனவே புழங்கும் சொற்களின் அச்சில் வார்த்தது என்பதால் படிப்பவர் தடுக்கி விழமாட்டார். வினையாகவும் நன்கு நடக்கிறது: ‘ஒரு நடுக்களத்தாரை விட்டெடுத்தேன்’, ‘இந்தச் சுற்றில் விட்டெடுக்க ஒன்றுமில்லை’, ‘அவசரப்பட்டு விட்டெடுக்காதீர்கள்’. கோரற்காலத்தில் செய்தால் ‘கோரல் விட்டெடுப்பு’, அதன்பின் ஓடிப்போய் எடுத்தால் ‘முந்து விட்டெடுப்பு’.

எழக்கூடிய ஒரு மறுப்பை நானே எழுப்பிவிடுகிறேன். விட்டவரையே மறுபடி எடுப்பது என்றும் இச்சொல்லைப் படிக்கலாம் அல்லவா? படிக்கலாம். ஆனால் ஆட்டத்தில் அதுவும் நடப்பதுதான். கடினமான எதிரணி வரும் வாரத்தில் கோல்காப்பாளரை விட்டுவிட்டு, யாரும் கோரமாட்டார்கள் என்ற துணிவில், மறுவாரம் அவரையே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வாக்கியத்தில் வரும்போது எது என்பது தெரிந்துவிடும்.

எவர் அணியிலும் இல்லாமல் மீதப் பட்டியலில் இருப்பவரைக் குறிக்கும் ‘ஃப்ரீ ஏஜென்ட்’டுக்குக் ‘கட்டிலா ஆட்டக்காரர்’ என்று வந்த பரிந்துரை, கட்டற்ற மென்பொருள் பேசும் நம் குழுவுக்கு இயல்பானதே. ஆனால் ‘அவர் கட்டிலா?’ என்று யாராவது படித்துவிட்டால் ஆட்டக்காரர் படுத்துவிடுவார். ‘அணியிலி’ சுருக்கமாக இருந்தாலும் உண்மைக்குப் புறம்பு. பாமருக்குச் செல்சி என்ற அணி இருக்கவே செய்தது, எங்கள் எட்டுப் பேரிடம்தான் அவர் இல்லை. ‘மீதப் பட்டியலர்’ என்று நீட்டுவதைவிட ‘மீதத்தில் இருப்பவர்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் தேவையில்லை.

ஒன்றே ஒன்றுக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஓர் இடத்தை நிலையாக எவருக்கும் கொடுக்காமல், வாராவாரம் எளிய எதிரணியோடு ஆடும் கோல்காப்பாளரையோ தடுப்பாட்டக்காரரையோ மாற்றி மாற்றி விட்டெடுப்பதை ‘ஸ்ட்ரீமிங்’ என்கிறார்கள். ‘சுழல் விட்டெடுப்பு’ என்று எழுதினால் பொருள் வருகிறது, ஆனால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. இதைவிட இலகுவாக யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். ‘ஓடை’ என்று மட்டும் வேண்டாம்.

அன்புடன்.