மெல்பர்னில் ஆடிப்பட்டம்: புதிதாக வந்தவர்களுக்குக் குளிர்காலத் தோட்டக் குறிப்புகள்

ஜூன், ஜூலையில் மெல்பர்னுக்கு வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்?” கடையில் ஒரு சின்னப் பொட்டலம் விற்கிற விலையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: “வீட்டிலேயே வளர்த்தால் என்ன?” வளர்க்கலாம் தம்பி. ஆனால் ஊரில் கற்றதில் பாதியை இங்கே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். பன்னிரண்டு குளிர்காலம் பார்த்தாயிற்று. நான் சாகடித்த செடிகளின் கணக்கிலிருந்துதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

முதலில் திசை. நம் ஊரில் வெயில் எந்தப் பக்கம் என்று யாரும் யோசிப்பதில்லை, தலைக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நிற்கும். ஜூன் கடைசியில் உச்சிப்பொழுதில்கூட அடிவானத்திலிருந்து 29 டிகிரிதான் ஏறும். ஆறடி வேலியின் நிழல் நடுப்பகலிலேயே பத்தடிக்கு மேல் நீளும். பகல் மொத்தமே ஒன்பதரை மணி நேரம்தான்.

“வடக்குப் பக்கம்தான் வெயில்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் வருஷம் வடக்கு வேலியை ஒட்டிப் பாத்தி கட்டினேன். வேலியின் நிழல் தெற்கே, அதாவது என் பாத்தி மேலேயே விழும் என்று தோன்றவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த மண்ணில் வெயிலே படவில்லை. முள்ளங்கி முளைத்து, இரண்டு இலை விட்டு, மூன்று மாதம் அப்படியே நின்றது. வெயில் வேண்டுமென்றால் வடக்கைப் பார்த்த சுவரடி, இல்லாவிட்டால் தெற்கு வேலியோரம். போனில் திசைகாட்டி இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே நின்று எங்கே நிழல் விழுகிறது என்று பாருங்கள். வாஸ்துவுக்காகக் கிழக்குப் பார்த்த வாசல் தேடுகிறவர்கள், பின்கட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

அப்புறம் காலம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஆடி என்றால் நடுங்கும் குளிர். ஜூலையில் பகலில் 13, 14 டிகிரி இருந்தால் நல்ல நாள். நகரத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் பேட்டைகளில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். இந்தக் குளிரில் தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் ஆகாது. ஊரிலிருந்து வந்த ஜோரில் ஆகஸ்ட்டிலேயே தக்காளி நட்டுவிட்டு, நாற்று கறுத்துப்போனதும் மண்ணைத் திட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்குத் தக்காளிப் பட்டம் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்தன்று, அதாவது நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை. நமக்கு ஆடிப்பெருக்கு மாதிரி அவர்களுக்கு அது. மிளகாயும் கத்தரியும் வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்குள் வெதுவெதுப்பான ஜன்னலோரம் விதை போட்டு வையுங்கள். வெளியே கொண்டுபோக அவசரப்பட வேண்டாம்.

குளிரில் என்ன வரும் என்றால், நம் சமையலுக்குத் தேவையானது பாதி வரும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, பூண்டு. கொத்தமல்லி கோடையில் சீக்கிரமே பூத்துத் தொலையும், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கிள்ளலாம். லேசான உறைபனியையும் தாங்கும். விதைக்கச் சரியான நேரம் மார்ச்சிலிருந்து மே வரை. ஜூலையில்தான் வந்தீர்கள் என்றால் விதையோடு மல்லுக்கட்டாமல் நாற்றாக வாங்கி வையுங்கள், பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடையிலோ பக்கத்து நர்சரியிலோ கிடைக்கும். பூண்டை வருஷத்தின் குறுகிய பகலன்று நட்டு நீண்ட பகலன்று பிடுங்கு என்று இங்கே சொல்வார்கள். நான் மே மாதமே நட்டுவிடுவேன்.

முருங்கையைப் பற்றிக் கேட்காதீர்கள். நானும் மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். குளிர் வந்ததும் இலை மஞ்சளாகும், உதிரும், செடி குச்சியாக நிற்கும். நாம் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவோம், உரம் போடுவோம். அதில்தான் சாகிறது. என் முதல் செடி அப்படித்தான் போனது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கறுத்து, ஈர வைக்கோல் மாதிரி நாறியது. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி விட்டே சாகடிச்சுப் போட்டீரே” என்றார். அவர் சொன்ன வழியில்தான் இன்றுவரை வளர்க்கிறேன். தரையில் நடாமல் தொட்டியில் வைக்க வேண்டும். வடக்கைப் பார்த்த சுவரோரம், மழை நேராக விழாத தாழ்வாரத்தடியில் வைக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் காலையில். உரம் கூடாது, வெட்டுவதும் கூடாது. உறைபனி அறிவிப்பு வரும் இரவில் பழைய பெட்ஷீட் ஒன்றால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பாசத்தில் ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள், இரண்டாவது செடி அந்த வறண்ட காற்றில் செம்பேன் பிடித்துச் செத்தது. அக்டோபர், நவம்பரில் தானாகத் துளிர்க்கும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் கோடைக் கடைசியிலேயே இலையைப் பறித்து ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து ஒரு கொத்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமே என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். கறிவேப்பிலையில் ஒட்டிவரும் சைலிட் என்ற சின்னப் பூச்சிதான் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ‘பசுமையாதல்’ நோயைப் பரப்புவது. அந்த நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை, வரவிடக் கூடாது என்றுதான் விமான நிலையத்தில் அத்தனை கெடுபிடி. விதைப் பொட்டலம் எதுவாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். பழைய செடியின் அடியில் முளைக்கிற பக்கக் கன்று தர நம் ஆட்கள் யாராவது எப்போதும் இருப்பார்கள். இரண்டு கட்டு வெந்தயக்கீரையோடு போய்க் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

மண். டார்னீட், ட்ருகனினா, பாயின்ட் குக் என்ற மேற்குப் பேட்டைகள் பக்கம் குடிவருகிறவர்களுக்கு ஒட்டும் களிமண்தான் கிடைக்கும். மழையில் சேறு, வெயிலில் செங்கல். முதல் வருஷமே அதோடு சண்டை போடாமல் மேடைப் பாத்தி கட்டியோ தொட்டியிலோ தொடங்குங்கள். கடையில் விற்கும் தொட்டிமண் மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மண்ணைக் கொஞ்சம் ஈரப்படுத்துங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள். அதன் தூசியில் லெஜியனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும், நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. காலித்தொட்டியைத் தூக்கும்போது கையுறை வேண்டும். முதுகில் சிவப்புக் கோடு போட்ட ரெட்பேக் சிலந்தி அதன் விளிம்படியில்தான் குடியிருக்கும்.

குளிர்காலத்துக்கென்றே நான் காத்திருப்பது மொச்சை மாதிரியான பிராட் பீன்ஸுக்கு. எதிர்வீட்டு இத்தாலியத் தாத்தாவின் தோட்டத்தில்தான் முதலில் பார்த்தேன். இடுப்பளவு செடி, கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ, ஊரே குளிரில் சுருண்டிருக்கும்போது அது மட்டும் நெடுநெடுவென்று நிற்கிறது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை விதையை நேராக மண்ணில் ஊன்றலாம். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு, முளைக்கும்வரை அடிக்கடி ஊற்றாமல் விடுங்கள், இல்லாவிட்டால் விதை அழுகிவிடும். காற்றில் சாயாமல் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். முடிந்ததும் வேரைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிட்டால் மண்ணுக்கு நல்லது, அவரைக் குடும்பம்தானே.

வசந்தத்தில் காய்க்கும். சுண்டுவிரல் அளவுப் பிஞ்சை அப்படியே நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். முற்றியதை உரித்துக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, மேல்தோலைப் பிதுக்குங்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை கைவந்த கலை. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, தக்காளி வதக்கி, குழம்புப் பொடி, புளிக்கரைசல் விட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை வாசம் போனதும் பருப்பைப் போட்டு ஐந்து நிமிஷம், கடைசியில் அரைத்த தேங்காயும் சோம்பும். மொச்சைக் குழம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜி6பிடி (G6PD) என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது, ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரை போகும். நம் ஆட்களிலும் இந்தக் குறைபாடு உண்டு. குழந்தைக்கு முதன்முறை கொடுக்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை தனிக்கதை. மெல்பர்னில் பழைய வீட்டுக் கொல்லை என்றால் ஒரு எலுமிச்சை மரம் நின்றே தீரும், ஜூலையில் கிளை ஒடியக் காய்த்திருக்கும். வேலியோரம் பைபையாக வைத்து ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி வைப்பார்கள். கூச்சப்படாமல் எடுங்கள். கிளையில் முழங்கால் மூட்டு மாதிரி வீங்கியிருந்தால் அது ஒருவகைக் குளவியின் வேலை, ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். ஊறுகாய் போட வெயில் இல்லையே என்று அம்மா போனில் கவலைப்படுவார். வெயில் தேவையில்லை. எட்டாக நறுக்கி, கல்லுப்பு, மஞ்சள்தூள் பிசறிக் கண்ணாடி ஜாடியில் அழுத்தி, வடக்கு ஜன்னலில் வைத்து தினம் ஒருமுறை குலுக்குங்கள். ஊரில் ஒரு வாரத்தில் ஊறுவது இங்கே மூன்று வாரம் ஆகும், அவ்வளவுதான். தோல் நகத்தால் கிள்ள வந்ததும் நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப்பொடி, பெருங்காயம்.

இந்த எலுமிச்சையால்தான் எனக்குப் பாஸம் (possum) என்கிற மரமேறும் பிராணி பழக்கமானது. வந்த புதிதில் ஒரு ராத்திரி கூரைமேல் யாரோ நடக்கிற சத்தம். வீட்டம்மா திருடன் என்றே முடிவு கட்டிவிட்டாள். டார்ச் அடித்தால் பூனை அளவில், அடர்த்தியான கறுப்பு வாலோடு ஒன்று எங்களை முறைத்துப் பார்க்கிறது. காலையில் மரத்தில் நாலு எலுமிச்சை தோலுரித்துத் தொங்கின. தோலை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுப் பழத்தை அப்படியே விட்டிருந்தது. கொத்தமல்லிப் பாத்தி மொட்டை.

பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். விக்டோரியாவில் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது, வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது குற்றம். வலை போடலாம், ஆனால் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. விரல் நுழைந்தால் தப்பான வலை. பெரிய கண்ணில் பழந்தின்னி வௌவால்கள் சிக்கிக் கிழிபடுவதால் வந்த விதி இது. நான் சொட்டுநீர்க் குழாயை வளைத்துப் பாத்திமேல் ஊன்றி, அதன்மேல் மெல்லிய வலையை இழுத்துக் கட்டியிருக்கிறேன். எலுமிச்சையில் பாஸம் பங்கு போக மிச்சம்தான் எனக்கு. போன ஆகஸ்ட் கடைசியில் வந்தபோது முதுகில் ஒரு குட்டியைச் சுமந்திருந்தது. வீட்டம்மா அன்றோடு கட்சி மாறிவிட்டாள்.

நத்தைக்கு நீல உருண்டை மருந்து வாங்காதீர்கள். நாய்க்கும் ஆபத்து, நத்தை தின்னும் நீலநாக்குப் பல்லிக்கும் ஆபத்து. ராத்திரி டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவதே மேல். குளிரில் அந்தப் பல்லி செங்கல் குவியலடியில் அசையாமல் கிடக்கும், குவியலைக் கலைக்க அக்டோபர் வரை பொறுங்கள். மாக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை நீங்கள் மண் கிளறும்போது பின்னாலேயே வந்து புழு பொறுக்கும். முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால் கல் எறியாதீர்கள். ஆகஸ்ட்டிலிருந்து கூடுகட்டும் காலம், சில ஆண் பறவைகள் தலைக்கு நேராகப் பாயும்.

ஆடி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்க முடியுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். இங்கே காட்டுயிர்களுக்கு தினம் சோறு போட்டுப் பழக்குவது நல்லதில்லை, வருஷத்துக்கு ஒருநாள் ஒரு கவளத்துக்கு நான் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். வருவது காக்கை இல்லை, லிட்டில் ரேவன் என்கிற அண்டங்காக்கை இனம். கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது, உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் வெள்ளை. போன வருஷம் வேலிக்கட்டையில் சோறும் ஒரு உளுந்துவடையும் வைத்துவிட்டு ‘கா கா’ என்று கூப்பிட்டேன், எதிர்வீட்டுத் தாத்தா திரை விலக்கிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னையும் சோற்றையும் பார்த்தது, வடையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

அன்று மாலை அம்மா போனில், “காக்கா வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சும்மா. கொஞ்சம் பெருசு.”