பெண்களுக்குத் தனியாகப் பெண் நன்னடத்தை அலுவலர் எதற்கு?

நெல்லைத்தம்பி:
ரிமாண்டில், அதாவது தீர்ப்புக்கு முன் சிறையில், இருந்துவிட்டு, இனி ஒழுங்காக நடப்பேன் என்று கோர்ட்டில் நன்னடத்தைப் பத்திரம் எழுதிக்கொடுத்து வெளியே வரும் பெண்களை, அவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலராகப் பெண்தான் வந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். இப்படி விடுவிக்க வழிசெய்யும் 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இரு பாலருக்கும் பொது. ஆண் வந்து விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

கோர்ட்டுக்காரி:
எழுதியது நான்தான். என்ன குறையும் என்று சொல்கிறேன். புழல் சிறையில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்த ஒரு அக்கா எங்கள் தெருவில் குடியிருந்தார். அலுவலர் பைக்கில் வந்து, பெட்டிக்கடையில் பேரைச் சொல்லி வீட்டைக் கேட்டார். வாசலில் நின்றபடியே ஃபைலைப் பிரித்தார். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா. மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

பழைய_பெஞ்ச்:
தப்பு ஃபைலைப் பிரித்தது. ஆணாக இருந்தது இல்லை. கோர்ட்டில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நன்னடத்தை என்பது சிறைக்குப் பதிலாகத் தருவது. அது தெரியாமல் பேசாதீர்கள்.

கோர்ட்டுக்காரி:
தீர்ப்புக்கு முன்னால் நாலு மாதம் உள்ளே இருந்ததை எந்தக் கணக்கில் வைப்பது ஐயா? உள்ளே வந்து பேசியிருந்தால் தெரு வேறு கதை கட்டியிருக்கும். வாசலில் நின்றதால் கேஸ் கதை. ஆண் வந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம். பெண் வந்திருந்தால் ஊரிலிருந்து சித்தி வந்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்திருப்பார்.

நெல்லைத்தம்பி:
அலுவலர் பைக்கில் வந்ததுகூடக் குற்றமா? புழலில் பெண் கைதிகளுக்கு 2023-லேயே பெட்ரோல் பங்க் திறந்தாயிற்று. இன்னும் என்ன வேண்டுமாம்?

கோர்ட்டுக்காரி:
அந்தப் பங்கில் நிற்பவர்கள் தண்டனைக் கைதிகள். பத்திரம் எழுதிக்கொடுத்து வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை? தேவைப்பட்டால் வேலை தேடித் தர அலுவலர் முயல வேண்டும் என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த அக்காவுக்கு யார் தேடினார்கள்? பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தார். தண்டனையால் வரும் தகுதியிழப்பு இவர்களுக்குக் கிடையாது என்கிறது 12-ஆம் பிரிவு. வீட்டுக்கார அம்மாவிடம் அதை யார் படித்துக் காட்டுவது?

பழைய_பெஞ்ச்:
ஃபைலைப் பிரித்ததுதான் தப்பு. மறுபடியும் சொல்கிறேன்.

நெல்லைத்தம்பி:
இவர் இப்படித்தான். போன மாதம் டாஸ்மாக் விவாதத்திலும் கடைசி வார்த்தை இவருடையதாகத்தான் இருந்தது.

கோர்ட்டுக்காரி:
டாஸ்மாக்கை இங்கே இழுக்காதீர்கள். அந்த அலுவலர் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாலும் பேரைச் சொல்லித்தானே கேட்டிருப்பார்?

பழைய_பெஞ்ச்:
பேரைக் கேட்காமல் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?