மறுமொழி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வகைகள் – 'முதல்நிலை' வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளை, தண்டுவட நரம்புகளின் உறை பழுதாகும் நோய். அதன் வகைகளுக்கு நம் குழுவில் முன்வைத்த தமிழ்ச் சொற்பட்டியலில் உள்ள 'முதல்நிலை முற்போக்கு' (primary progressive), 'இரண்டாம்நிலை முற்போக்கு' (secondary progressive) இரண்டையுமே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. முற்போக்கு என்றால் ஏதோ நல்லது நடப்பதுபோல் இருக்கிறது என்று ஏற்கெனவே சிலர் எழுதிவிட்டீர்கள், சரி. எனக்கு அதைவிடப் பயம் 'முதல்நிலை'யில்தான். புற்றுநோய்க்கு முதல்நிலை, இரண்டாம்நிலை என்று கேட்டுப் பழகியவர், 'நல்லவேளை, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்றுதானே நினைப்பார்? இங்கே அது நோயின் கடுமையைச் சொல்லவே இல்லை.

நோய் போகும் போக்கைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் விட்டுவிட்டுத்தான் வரும்: ஒரு கண் மங்கும், அல்லது கால் மரத்துப்போகும், சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு முழுதாகவோ பாதியாகவோ தணியும். இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் கழித்து, புதிய தாக்குதல் எதுவும் இல்லாமலே நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அது எப்போது தொடங்கியது என்பதை மருத்துவர்கூடப் பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. இதைத்தான் பட்டியல் 'இரண்டாம்நிலை' என்கிறது. நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு, விட்டுவிட்டு வரும் இந்த முன்கதையே கிடையாது; அவர்களுடையதுதான் 'முதல்நிலை'. பெரும்பாலும் 40 வயதை ஒட்டி, காலில் இறுக்கமும் தளர்ச்சியுமாக வந்து அப்படியே கூடிக்கொண்டு போகும்.

அதனால் என் பரிந்துரை: 'விட்டுவிட்டு வரும் வகை', 'பின்னர் வலுக்கும் வகை', 'தொடக்கம்முதல் வலுக்கும் வகை'. 'வலுக்கும்' என்பதற்குப் பதில் 'முற்றும்' என்று போடலாமே என்று கேட்டவருக்கு: தொடர்கதையின் கடைசியில் போடும் சொல்லை நோயாளியின் அறிக்கையில் போட வேண்டாம், அப்புறம் இந்த நோய் இடையில் சில காலம் கூடாமல் நிற்பதும் உண்டு. இந்த நோயின் வகைப்பாட்டை வல்லுநர்கள் திருத்திய 2013 திருத்தத்தில் அதனால்தான் நோய் இப்போது வலுக்கிறதா இல்லையா என்பதைத் தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். 1996இல் வகுத்த நான்காவது வகையை (progressive-relapsing: தொடக்கம்முதல் வலுத்துக்கொண்டே இடையிடையே தாக்குதலும் வருவது) அப்போதே நீக்கிவிட்டார்கள், அதற்குச் சொல் தேட வேண்டாம்.

பெயர் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்தே வகையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். தொடக்கம்முதல் வலுக்கும் வகைக்கு அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மருந்துக்கு, ஓக்ரெலிசுமாபுக்கு, ஒப்புதல் கிடைத்ததே 2017இல்தான். தன்னுடையது எந்த வகை என்று நோயாளிக்குக் குழப்பமில்லாமல் தெரிய வேண்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். நோயின் பெயரையே தமிழில் என்ன சொல்வது என்பதைத் தனி இழையில் பேசலாம்.