காரைக்குடிப் பக்கம் சிறப்புக் கவனிப்பு வேண்டிய குழந்தைகள்: எங்கள் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளர்:

பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான அரசு சுகாதாரத் திட்டங்களை இந்தப் பக்கத்தில் ஒருங்கிணைக்கிற வேலை எனக்கு. 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. என்கிற தேசியச் சிறார் நலத் திட்டம் வந்ததிலிருந்து குறையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மருத்துவக் குழுவின் வண்டி அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போக வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். குறை தெரிந்தால் சீட்டு எழுதி சிவகங்கைக்குப் போகச் சொல்வார்கள். அந்தச் சீட்டுக்கு அப்புறம்தான் பல குழந்தைகள் கைநழுவிப் போகின்றன.

புதுவயல் பக்கம் ஒரு கைக்குழந்தைக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்திருந்தது. அம்மா அரிசி ஆலையில் தினக்கூலி. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கும் பொன்செட்டி முறை இதற்கு நன்றாகப் பலன் தரும். வாராவாரம் போவதென்றால் வாரம் ஒரு நாள் கூலி போகும். அதையும் தாங்கிக்கொண்டு போனார்கள். பாதம் நேரானது. சிக்கல் அதற்கப்புறம் வந்தது. கம்பி இணைத்த ஷூவை முதல் மூன்று மாதம் ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது போட வேண்டும். விட்டால் பாதம் திரும்ப வளையும். பிள்ளை அழுகிறது என்று அப்பத்தா கழற்றிவிடுவார். "கால்தான் நேராயிருச்சே, இன்னும் எதுக்குப்பா இந்த விலங்கு?" என்று என்னிடமே கேட்டார்.

டாக்டர் சொன்னது அம்மாவிடம். பிள்ளை பகல் முழுக்க இருப்பதோ அப்பத்தாவிடம்! கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிப் போய், ஷூவை மாட்டவும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் அப்பத்தாவுக்கே சொல்லிக்கொடுத்தோம். அதற்கப்புறம் மருமகள் மாட்ட மறந்தால் அவர்தான் சத்தம் போடுவார். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

இன்னொன்று, பதிவேடுகள். ஒரே குழந்தையின் பெயர் அங்கன்வாடியில் இருக்கும், மருத்துவக் குழுவிடம் இருக்கும், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் இருக்கும். அடுத்து அந்த வீட்டுக்கு யார் போவது என்றால் பதில் வராது. நால்வரையும் மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பாளர் ஒருவரை எழுதினோம். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று மேலே அனுப்பும் கணக்கைவிட எனக்கு இந்தத் தாள்தான் முக்கியம்.

கானாடுகாத்தான் அருகே மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி எந்நேரமும் படுத்தே இருந்தாள். படுத்தபடி சோறு ஊட்டினால் புரையேறும், நெஞ்சில் சளி கட்டும். இயன்முறை மருத்துவர் அளவு எடுத்துத் தர, பழைய வீடுகளின் கதவு நிலைகளைச் சரிசெய்கிற ஆசாரி ஒருவர் வேப்பமரத்தில், முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கிப் பிடிக்கும் மூலை நாற்காலி செய்துகொடுத்தார். உட்கார்ந்து சாப்பிட்ட முதல் நாள், அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று அவள் அம்மா சொன்னார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. தை மாதம் பழனிப் பாதயாத்திரை நாட்களில் முகாம் வைக்காதீர்கள். பாதி வீடு பூட்டியிருக்கும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்:

சார், என் மகனுக்கு இரண்டரை வயது வரை பேச்சு இல்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அங்கன்வாடி டீச்சர்தான் அவன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, காது கேட்கவில்லை என்று முதலில் சந்தேகப்பட்டார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ஆபரேஷன் என்றதும் போனிலேயே வேண்டாம் என்றார். செவிலியர் அக்கா அவரிடம் வீடியோ காலில் நிதானமாகப் பேசிய பிறகே சம்மதித்தார். முதலமைச்சர் காப்பீட்டில், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை ஆபரேஷன் செய்து வைத்தார்கள். இப்போது "ம்மா" என்கிறான். என் நாத்தனார் பிள்ளைக்கும் இதே சந்தேகம், நான்கு வயது. எங்கே ஆரம்பிப்பது?

காரைக்குடி ஒருங்கிணைப்பாளர்:

தங்கச்சி, இந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, காதுப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்குங்கள். அரசு காப்பீட்டில் இந்த ஆபரேஷன் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான், அதனால் தள்ளிப்போட வேண்டாம். சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையில் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டி வாருங்கள், வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். கருவி வைத்த பிறகு பேச்சுப் பயிற்சிக்குத் தொடர்ந்து வர வேண்டியிருக்கும். யார் கூட்டி வருவது என்று இப்போதே நாத்தனாரிடம் பேசி வையுங்கள்.